சிட் விஷியஸ் ஏறிய பேருந்து: 1978 ஜனவரியில் நடந்தது

டெக்சாஸ் மாநிலம் டல்லஸில் லாங்ஹார்ன் பால்ரூம் என்று ஒரு நடன அரங்கம். கவ்பாய் தொப்பி வைத்தவர்கள் கன்ட்ரி பாட்டுக்கு ஜோடி போட்டு ஆடுவதற்காகவே கட்டிய இடம். 1978 ஜனவரி 10 அன்று அதன் வாசல் பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே ‘இன்றிரவு செக்ஸ் பிஸ்டல்ஸ்’. அமெரிக்கப் பயணம் வந்திருந்த இங்கிலாந்துப் பங்க் குழு அது; பங்க் என்றால் ராக் இசையின் முரட்டு வகை. கீழே ‘ஜனவரி 19, மெர்ல் ஹாகர்ட்’, அவர் கன்ட்ரி பாடகர். பங்க் இசையின் பக்கம் போனவர்கள் அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள்.

அன்றிரவு மேடையில் எடுத்த இன்னொரு படமும் உண்டு. சட்டையில்லாமல் பேஸ் கிடாரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் ஒல்லிப் பையன் நிற்கிறான். நெஞ்சில் மூன்று ஆங்கிலச் சொற்கள்: ‘கிம்மீ எ ஃபிக்ஸ்’. எனக்கு ஒரு டோஸ் ஹெராயின் கொடுங்கள் என்று பொருள். போஸ்டர்களிலும் பனியன்களிலும் இந்தப் படம் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரி நாட்களில் நானும் அதைத் துணிச்சலின் அடையாளமாகத்தான் பார்த்தேன். அந்தச் சொற்களை அப்படியே வாசிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது ஒரு நோயாளி தன் நோயை நெஞ்சில் எழுதிக் காட்டியது. அரங்கம் முழுக்கப் பார்த்தது. நிகழ்ச்சி தொடர்ந்தது.

அந்தப் பையன்தான் சிட் விஷியஸ். அப்போது 20 வயது. இனி இந்தக் கட்டுரையில் அவனை ‘அவன்’ என்றே எழுதுகிறேன். அந்த வயசுப் பையனைப் பற்றி ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை.

யார் இந்தப் பையன்?

இயற்பெயர் ஜான் சைமன் ரிச்சி. 1957 மே 10 அன்று லண்டனில் பிறந்தவன். அப்பா சீக்கிரமே விலகிப் போய்விட்டார். அம்மா ஆன் பெவர்லி தனியாக வளர்த்தார், அவருக்கே போதைப் பழக்கம் இருந்தது. கல்லூரியில் ஜான் லைடன் நண்பனாகக் கிடைத்தான். லைடன் வளர்த்த சிட் என்ற வெள்ளெலி ஒருநாள் இவனைக் கடித்துவிட, ‘சிட் பொல்லாதவன்’ என்று இவன் சொன்னதே இவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. விஷியஸ் என்றால் பொல்லாதவன். அந்தப் பெயரைக் காப்பாற்றப் பிறகு அவன் கொடுத்த விலை அதிகம்.

லைடன்தான் ஜானி ராட்டன் என்ற பெயரில் செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகன். 1977 பிப்ரவரியில் கிளென் மேட்லாக் குழுவை விட்டு விலகியதும் பேஸ் வாசிக்க சிட் வந்தான். மேட்லாக் இசை தெரிந்தவர், குழுவின் பல பாட்டுகளுக்கு மெட்டில் அவர் பங்கு பெரியது. சிட்டுக்கு வாசிக்கவே சரியாகத் தெரியாது. மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பார்க்க எப்படி இருக்கிறான், மேடையில் என்ன செய்வான் என்பதே அவருக்கு முக்கியம். அந்த வருஷம் வெளிவந்த அவர்களுடைய ஒரே ஸ்டூடியோ ஆல்பத்தில் பேஸ் பெரும்பாலும் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசித்ததுதான். இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவனை அவன் செய்யும் வேலைக்காக அல்லாமல் அவன் உண்டாக்கும் தொந்தரவுக்காகச் சேர்த்துக்கொண்டால், பிறகு தொந்தரவை நிறுத்து என்று யார் சொல்வது?

சேர்ந்த சில வாரங்களிலேயே கல்லீரல் அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் அடிக்கடி வரும் நோய் அது. அதே வருஷம்தான் ஃபிலடெல்பியாவிலிருந்து லண்டன் வந்த நான்சி ஸ்பங்கன் அவன் வாழ்க்கைக்குள் வந்தாள். அவளும் ஹெராயின் எடுப்பவள். அவள்தான் அவனைக் கெடுத்தாள் என்று எழுதுவது இந்தக் கதையில் ஒரு வழக்கமாகிவிட்டது. இருவருமே நோயாளிகள் என்று எழுதுவதுதான் சரி.

பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது

இங்கிலாந்தில் அவர்கள் கடைசியாக வாசித்தது 1977 கிறிஸ்துமஸ் அன்று, ஹடர்ஸ்ஃபீல்டில், வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக. அதை அடுத்து அமெரிக்கா. பழைய குற்றப் பதிவுகள் காரணமாக விசா முதலில் மறுக்கப்பட்டது. அமெரிக்காவில் அவர்கள் ஆல்பத்தை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தலையிட்ட பிறகுதான் கிடைத்தது. இந்தத் தாமதத்தில் வடக்கு நகரங்களின் முதல் நிகழ்ச்சிகள் ரத்தாயின. மிஞ்சியவை ஏழு: அட்லாண்டா, மெம்ஃபிஸ், சான் அன்டோனியோ, பேட்டன் ரூஜ், டல்லஸ், டல்சா, கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ.

பங்க் ரசிகர்கள் நிறைந்த நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும் பட்டியலில் இல்லை. தென்மாநிலங்களின் கன்ட்ரி இசைக் கூடங்களை மெக்லாரன் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். அங்கே போனால் தகராறு வரும், தகராறு வந்தால் பத்திரிகையில் வரும். அட்லாண்டாவில் முதல் நிகழ்ச்சிக்கே உள்ளூர் ஆட்களோடு போட்டி போட்டுக்கொண்டு பத்திரிகையாளர்களும் போலீஸாரும் வந்து நின்றார்கள் என்றால் அவருடைய கணக்கு தப்பவில்லை என்றுதான் அர்த்தம்.

வார்னரின் கணக்கு வேறு. பெரிய விபரீதம் எதுவும் இல்லாமல் ஏழு நிகழ்ச்சியும் முடிய வேண்டும். அதற்காக நோயல் மங்க் என்ற அனுபவமுள்ள டூர் மேனேஜரையும், அவருக்குக் கீழே உடல்வாகான பாதுகாவலர்களையும் அமர்த்தினார்கள். நான்சி வரக் கூடாது என்று முடிவானது. சிட்டுக்கு ஹெராயின் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது பாதுகாவலர்களின் பொறுப்பு.

ஒருபக்கம் தகராறை வரவழைக்கிற மேலாளர், மறுபக்கம் தகராறை அடக்குகிற கம்பெனி ஆட்கள். இரண்டுக்கும் நடுவில், ஹெராயினை உடல் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு பையன். குழுவில் யாருக்கும் 23 வயது ஆகவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராட்டனுக்கும் டிரம்மர் பால் குக்குக்கும் 21. ஸ்டீவ் ஜோன்ஸுக்கு 22.

உடம்புக்குள் என்ன நடந்தது

ஹெராயின் பழகிய உடல் அது நின்றதும் சும்மா இருக்காது. கடைசி ஊசி போட்ட 6 முதல் 12 மணி நேரத்துக்குள் விலகல் அறிகுறிகள் ஆரம்பிக்கும். மூக்கு ஒழுகும், வியர்க்கும், தசையும் எலும்பும் வலிக்கும், வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கமே வராது. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் போல நீடிக்கும். பதற்றமும் எரிச்சலும் கூடவே வரும். பொதுவாக இதனால் உயிர் போவதில்லை, ஆனால் அனுபவிக்கிறவருக்குப் போய்விடும் போலத்தான் இருக்கும்.

இதை எப்படிக் கையாள்வது என்று 1978-ல் அமெரிக்க மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையைப் பற்றி நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் எழுதிய முதல் ஆய்வு வெளிவந்தது 1965-ல். அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் நலாக்சோன் மருந்து 1971-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆக, வழி இல்லாத காலம் என்று சொல்ல முடியாது. ஹெராயினை நிறுத்தி வைக்க ஆள் போட்டவர்கள், நிறுத்தினால் வருவதைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆளைப் போட்டிருக்க வேண்டும். பாதுகாவலர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம், ஆனால் அது அவர்களுக்குத் தெரிந்த தொழில் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது கதவை அடைத்து நிற்பதும், தேவைப்பட்டால் அடிப்பதும். சிட்டை அவர்கள் அடித்ததும் பதிவாகியிருக்கிறது. அடி வாங்கிய பிறகு ஒரு பாதுகாவலனிடம் ‘உன்னைப் பிடித்திருக்கிறது, இனி நாம் நண்பர்கள்’ என்று சொன்னானாம். சிரிக்கச் சொல்லும் கதையாக இதைப் பலர் சொல்வதுண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழு இரவுகள்

ஜனவரி 3 அன்று நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். 5-ம் தேதி அட்லாண்டா. வணிக வளாகம் ஒன்றுக்குள் இருந்த சின்னக் கூடம்.

6-ம் தேதி மெம்ஃபிஸ். அரங்கம் கொள்ளும் அளவுக்கு மேல் டிக்கெட் விற்றிருந்ததால் வெளியே நின்றவர்கள் கண்ணாடியை உடைத்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி அதே ஊரில் இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சுற்றிலும் சம்பளத்துக்கு ஆட்கள், மருந்து எழுதித் தர ஒரு டாக்டர் என்று இருந்தும் 42 வயதில் போய்விட்ட மனிதர் அவர். அந்த ஊரில்தான் சிட் ஓட்டலிலிருந்து ஹெராயின் தேடி நழுவினான். தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கே பயணத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அதிகாரம் உள்ள யாரும் அப்படி நினைக்கவில்லை.

மெம்ஃபிஸிலிருந்து சான் அன்டோனியோ 1,100 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கட்டத்தில் குழு இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது. ஜோன்ஸும் குக்கும் மெக்லாரனோடு விமானத்தில் போனார்கள். சிட்டும் ராட்டனும் பாதுகாவலர்களோடு பேருந்தில். ராட்டனுக்குக் காய்ச்சல், ரத்தம் கலந்து இருமிக்கொண்டிருந்தான். விலகல் அறிகுறிகளில் தவிக்கும் ஒருவனும் காய்ச்சலில் கிடக்கும் ஒருவனும் ஜனவரிக் குளிரில் ஒரே வண்டிக்குள் இரவு பகலாக. அந்தச் சிநேகிதம் அந்தப் பேருந்திலேயே முறிந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். விமானத்தில் போனவர்கள் மேல் ராட்டனுக்கு வந்த கசப்பும் அங்கேதான் கெட்டிப்பட்டது.

8-ம் தேதி சான் அன்டோனியோ. ராண்டீஸ் ரோடியோ என்ற பெரிய கூடம், இரண்டாயிரம் பேருக்கு மேல். பீர் டின்கள் பறந்து வந்தன. சிட் கூட்டத்தைத் திட்டினான். கடைசியில் பேஸ் கிடாரைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பார்வையாளர் மேல் இறக்கினான். இதை மறைத்துவிட்டு அவனை வெறும் பாவப்பட்டவனாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் அடித்த அந்த மனிதருக்கும் ஒரு தலைதானே இருந்தது. நோய் அவன் செயலுக்குக் காரணம் சொல்லும், அவன் செய்ததை இல்லை என்று ஆக்கிவிடாது.

9-ம் தேதி பேட்டன் ரூஜ். 10-ம் தேதி டல்லஸ், அந்த நெஞ்சு எழுத்து. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பெண் முகத்தில் தாக்கியதில் ரத்தம் வழிய, அதைத் துடைக்காமல் அவன் வாசித்துக்கொண்டே இருந்தான், கூட்டத்தை நோக்கித் துப்பினான். வாசித்தான் என்று சொன்னாலும், இந்தப் பயணத்தில் அவனுடைய பேஸின் ஒலியைப் பல சமயம் குறைத்தே வைத்திருந்தார்கள். அன்றிரவு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியிருந்தது. 11-ம் தேதி டல்சாவில் கெய்ன்ஸ் பால்ரூம். வெளியே பனி, அந்தக் குளிரிலும் மதத்தின் பெயரால் குழுவை எதிர்த்துக் கைப்பலகையோடு நின்றவர்கள். உள்ளே சிட் சுவரில் குத்தி ஒரு ஓட்டை போட்டதாகச் சொல்வார்கள். அந்தச் சுவர்த் துண்டைச் சட்டம் போட்டு அங்கே இன்னமும் வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 8, 9, 10, 11. நான்கு இரவு தொடர்ந்து நான்கு ஊர். சான் அன்டோனியோவிலிருந்து பேட்டன் ரூஜ், அங்கிருந்து டல்லஸ், அங்கிருந்து டல்சா. சாலை வழியே சுமார் 1,850 கிலோமீட்டர். நிகழ்ச்சி முடிந்ததும் வண்டி ஏறி, விடிய விடிய ஓடி, அடுத்த மேடை. நல்ல உடம்பு உள்ளவனையே கசக்கிப் போடும் ஓட்டம் இது. தூங்க முடியாத உடம்பை இதில் ஏற்றினால் அது மதுவைத் தேடும், சண்டையைத் தேடும், வலியைக்கூடத் தேடும். அவன் கையிலும் நெஞ்சிலும் தன்னையே கீறிக்கொண்ட காயங்கள் இருந்தன. ஒரு சாதாரணத் தொழிற்சாலையில் தொழிலாளி ஒருவர் அப்படி வந்து நின்றால் அன்றைக்கு அவரை வேலைக்கு விட மாட்டார்கள்.

14-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ, விண்டர்லேண்ட். ஐயாயிரம் பேருக்கு மேல் வந்த கூட்டம், அதுவரை அவர்கள் பார்க்காத அளவு. ஒலி மோசம். கூடுதல் பாட்டாக ‘நோ ஃபன்’ பாடினார்கள். முடிவில் ராட்டன் மேடையில் மண்டியிட்டு, இதில் மகிழ்ச்சியே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, ‘ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று எப்போதாவது உங்களுக்குத் தோன்றியதுண்டா?’ என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான். சில நாளில் குழு கலைந்தது.

பயணம் முடிந்த பிறகு

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது மேடைகள் அல்ல, மேடை முடிந்த அடுத்த வாரம். கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோருடைய வேலையும் முடிந்துவிட்டது. பாதுகாவலர்களுக்கு இனி காவல் இல்லை. வார்னருக்கு ஏழு நிகழ்ச்சியும் நடந்தாயிற்று. மெக்லாரன் அடுத்த திட்டத்தில் இருந்தார். ஜோன்ஸும் குக்கும் ரியோ டி ஜனைரோவுக்குப் புறப்பட்டார்கள். ராட்டன் கையில் காசில்லாமல் நியூயார்க் போய்ச் சேர்ந்தான்.

சிட் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே ஹெராயின் எடுத்து மயங்கி விழுந்தான், பிழைக்க வைத்தார்கள். அங்கிருந்து ஒரு நண்பர் துணையோடு லாஸ் ஏஞ்சல்ஸ், பிறகு நியூயார்க் விமானம். மெத்தடோன், வேலியம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை, மது மூன்றும் சேர்ந்து விமானத்திலேயே நினைவிழந்தான். ஒவ்வொன்றும் தனித்தனியே மூச்சை மந்தமாக்கக் கூடியது, சேர்ந்தால் மூச்சையே நிறுத்தலாம். இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரி. பயணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயணத்தில் அவனுடைய போதைப் பழக்கத்துக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை, ஹெராயினைத் தூரத்தில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தூரம் போனதும் பழையபடி வந்துவிட்டது.

அதே வருஷம் அவனும் நான்சியும் நியூயார்க்கில் செல்சி ஓட்டலில் தங்கினார்கள். அக்டோபர் 12 அன்று 100-ம் எண் அறையின் குளியலறையில் நான்சி வயிற்றில் கத்திக்குத்தோடு இறந்து கிடந்தாள். அவளுக்கும் வயது 20-தான். சிட் மேல் கொலை வழக்கு. ஜாமீனில் வந்து, தற்கொலைக்கு முயன்று, டிசம்பரில் ஒரு கிளப்பில் இன்னொருவரைத் தாக்கி மறுபடி கைதானான். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 55 நாள்.

சிறையில் ஹெராயின் கட்டாயமாக நின்றது. முந்தைய ஜனவரியில் பேருந்தில் நடந்ததுதான் இன்னும் கடுமையாக, இன்னும் நீளமாக மறுபடி நடந்தது. அதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொண்டது. பல வாரம் ஹெராயின் இல்லாமல் இருந்த உடம்பு அதன் தாங்குதிறனை இழந்துவிடும். முன்பு சாதாரணமாக எடுத்த அளவே அப்போது உயிரை எடுக்கும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், அளவு மீறிய போதைமருந்தால் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று அது கண்டது.

1979 பிப்ரவரி 1 அன்று சிட் ஜாமீனில் வெளியே வந்தான். அன்றிரவு மன்ஹாட்டனில் ஒரு வீட்டில் அவனை வரவேற்கச் சிலர் கூடினார்கள், அம்மாவும் இருந்தார். ஹெராயினும் வந்து சேர்ந்தது. மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை. வயது 21. கொலை வழக்கு விசாரணைக்கே வரவில்லை, அவன் சாவோடு அதையும் மூடிவிட்டார்கள். குற்றவாளியா இல்லையா என்று நான்சியின் வீட்டாருக்கு எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

தன்னால்தான் சிட் அந்தக் குழுவுக்குள் வந்தான் என்ற குற்ற உணர்ச்சியை லைடன் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்த ஜனவரியில் தானே ரத்தம் இருமிக்கொண்டு, அதே பேருந்தில், பக்கத்து இருக்கையில் இருந்தவர் அவர். 21 வயது.